லெச்சமியும் லட்சுமியும் ஒரே ஆள்தான்



ஊர் உறவுகளே, தோட்டத்து உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். பள்ளி நிர்வாகமும் பழைய மாணவர்களும் தோட்டத்து இளைஞர்களும் சேர்ந்து நம்முடைய பகுதிக் குடும்பங்களின் விபரத்தைக் கணினியில் ஏற்றப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் நிவாரணம் கொடுக்க, ஜனாஸா உதவிக்கு, பிள்ளைகளின் புலமைப்பரிசிலுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல். நல்ல வேலை. அதில் எனக்கு ஒரேயொரு விஷயத்தில் கடுமையான கருத்து இருக்கிறது. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்: அந்தப் பட்டியலில் பெயரைத் தேடும்போது எழுத்தை வைத்துத் தேடக் கூடாது. சத்தத்தை வைத்துத் தேட வேண்டும்.

ஏன் என்று சொல்ல முதலில் என்னுடைய ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

நான் படிப்பிக்கும் பாடசாலையில் பழைய சேர்வு இடாப்புகளை உயர்தரப் பிள்ளைகளைக் கொண்டு கணினியில் ஏற்றினோம். பழைய கொப்பிகள், கரையான் தின்றவை, மை பரவியவை. பிள்ளைகள் பொறுமையாகச் செய்தார்கள். முடிந்த பிறகு எனக்கும் ஒரு பெருமை. யார் வந்து கேட்டாலும் பெயரைத் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி வந்தாள். மேல் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய அம்மாவுக்குச் சேமலாப நிதி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு வயது 50 தாண்டிவிட்டது; பெண்களுக்கு 50இல் எடுக்கலாம். ஆனால் பீ கார்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்பதற்குப் பழைய ஆதாரம் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா இங்கதான் ரெண்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சிச்சாம் சேர், அந்த ரெஜிஸ்டர்ல இருந்தா ஒரு கடுதாசி தாங்க" என்றாள்.

அம்மாவின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். லெச்சமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் சிங்களத்தில் இருப்பதை வாசித்தால் அப்படித்தான் வரும். நானும் லெச்சமி என்று தட்டினேன். பதிவு எதுவும் இல்லை என்று திரை சொன்னது. நானும் அதையே சொன்னேன். "இல்லையே மகள். வேற பாடசாலையா இருக்கும், வீட்ட போய்க் கேட்டுப் பாருங்க."

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டாள். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு நாள் பேர் போயிருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு தேவைக்காகக் கடதாசி இடாப்பைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. லட்சுமி. தகப்பன் பெயர் சரி, பிறந்த திகதி சரி, லயத்தின் இலக்கம் கூடச் சரி. பழைய அதிபர் ஒருவரின் அழகான கையெழுத்தில், நீல மையில், நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பிள்ளை அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். இல்லை என்று சொன்னது நான். கணினியில் பிழை இல்லை. நான் கேட்ட எழுத்து இல்லை என்று அது உண்மையைத்தான் சொன்னது. "அந்த எழுத்து இல்லை" என்பதை "அந்த ஆள் இல்லை" என்று மாற்றிச் சொன்னது என் வாய்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளையின் நம்பர் இருந்தது. கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தோம். காசு இன்னும் அவர் கைக்கு வரவில்லை.

இது லெச்சமிக்கு மட்டும் நடப்பதில்லை. நம் ஊரின் பெயரையே பாருங்கள். தெரணியகலை, தெரணியாகலை, தெரணியகல, தெரனியகல. நான்கையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பஸ் ஏறுகிறவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. கணினிக்கு அது நான்கு ஊர்.

நம் வீடுகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாப்பாவின் மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் மூன்று விதம். முஹம்மத், மொஹமட், முகம்மது. ஆங்கிலத்தில் எழுதப்போனால் ஓ போடுகிறவர், யூ போடுகிறவர், நடுவில் எம் ஒன்று போடுகிறவர், இரண்டு போடுகிறவர் என்று கணக்கில்லை. லிபியத் தலைவர் கடாபியின் பெயரை ஆங்கிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று செய்தி நிறுவனம் ஒன்று ஒருமுறை பட்டியலே போட்டது. ஒரு நாட்டின் தலைவருக்கே அந்தக் கதி. தோட்டத்தில் கதை இன்னும் மோசம். தாய் சொன்ன பெயர் ஒன்று, செக்ரோலில் கிளாக்கர் ஐயா எழுதியது ஒன்று, பதிவாளர் சிங்களத்தில் எழுதியது ஒன்று, அதை மொழிபெயர்ப்பவர் திருப்பித் தமிழில் எழுதியது இன்னொன்று. ஒரு பெயர் மூன்று மொழிக்குள் போய்த் திரும்பி வந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இதற்கு ஒரு வழி உலகத்தில் நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கதை நல்ல கதை.

அமெரிக்காவில் ரொபர்ட் ரஸல் என்பவர் 1918 ஏப்ரலில் ஒரு காப்புரிமை பெற்றார். பெயர்களை அகரவரிசையில் அடுக்காமல் சத்தத்தின் வரிசையில் அடுக்கும் முறை அது. பிற்காலத்தில் அதன் பெயர் சவுண்டெக்ஸ். முறை மிகவும் எளிது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள். மிச்சத்தில் உயிர் எழுத்துகளையும் எச், டபிள்யூ, வை ஆகியவற்றையும் எறிந்துவிடு. மீதி எழுத்துகளுக்கு வாயில் எங்கே பிறக்கின்றன என்று பார்த்து இலக்கம் போடு. உதட்டில் பிறப்பவை 1. கே, ஜி, எஸ், ஜே போன்றவை 2. டி வகை 3. எல் 4. எம்மும் என்னும் 5. ஆர் 6. ஒரே இலக்கம் ஒட்டி வந்தால் ஒன்றாக்கு. மூன்று இலக்கத்தோடு நிறுத்து, குறைந்தால் பூச்சியம் போட்டு நிரப்பு.

இப்போது முஹம்மதை எந்த எழுத்தில் எழுதினாலும் எம் 530 என்றுதான் வரும். முனியாண்டியை எப்படி எழுதினாலும் எம் 553. ராமசாமியும் ராமஸ்வாமியும் ஆர் 525. தேடும்போது பெயரோடு பெயரை ஒப்பிடாமல் இந்தக் குறியோடு குறியை ஒப்பிட்டால் எழுத்துப் பிழை மறைந்துவிடும்.

(உதட்டில் பிறப்பவை எவை என்று ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுத முயன்றேன். பஸ்ஸுக்கு வரும் பி, பேனைக்கு வரும் பி. இரண்டும் தமிழில் ஒரே எழுத்து! இந்த வேடிக்கைக்குப் பிறகு வருகிறேன்.)

எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. 1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 65 வயதானவர்களுக்கு ஓய்வூதியம். ஆனால் வயதை நிரூபிக்க வேண்டுமே! அந்தக் காலத்தில் பிறந்த ஏராளமானோருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. அப்போது அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? ஆதாரத்தைத் தேடிக்கொண்டு வா என்று கிழவர்களை அலைய விடவில்லை. வேலையில்லாமல் இருந்த ஆட்களைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்து, பழைய குடிசன மதிப்பீட்டுத் தாள்களிலிருந்து சத்த வரிசையில் அட்டைகள் எழுத வைத்தது. 1880ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்கு எழுதிய அட்டைகளில் பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகள் இருந்த வீடுகள் மட்டும்தான் இருக்கின்றன. காரணம், அந்தப் பிள்ளைகள்தான் 65 வயதாகி ஓய்வூதியம் கேட்டு வரப்போகிறவர்கள். எழுதத் தெரியாத தகப்பன் சொன்ன பெயரை, காது சரியாகக் கேட்காத எழுதுநர் எப்படி எழுதியிருந்தாலும், அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஒரு வழி.

அது யாருக்காக உண்டான முறை என்று பாருங்கள். நம்முடைய லெச்சமி போன்றவர்களுக்காக.

இன்றைக்கு அட்டைப் பெட்டி எல்லாம் தேவையில்லை. மைஎஸ்கியூஎல், ஒராக்கிள், எஸ்கியூஎல் சேர்வர் எல்லாவற்றிலும் சவுண்டெக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை தயாராக இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் பாவிப்பவர்கள் ஒரு இணைப்பைச் சேர்த்துக்கொண்டால் போதும், இன்னும் இரண்டு மூன்று முறைகளும் அதனோடு வரும். நம் ஊர்த் தம்பிமார் கணினி படித்தவர்கள், அவர்களுக்கு இது ஒரு பின்னேர வேலை.

சரி, அந்தக் கட்டளையைப் போட்டால் முடிந்ததா? இல்லை. இங்கேதான் நம் தம்பி ஒருவரோடு எனக்கு வாதம் வந்தது. "சேர், சவுண்டெக்ஸ் போட்டிருக்கு, இனிப் பிரச்சினை வராது" என்றார். நான் உடனே மூன்று பெயரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது லெச்சமியேதான். லட்சுமியை நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது நடுவில் ஒரு டி போட்டுத்தான் எழுதுவார்கள். அந்த டி-க்கு ஒரு 3 விழும். எல் 325. லெச்சமிக்கு டி இல்லை. எல் 250. சந்திக்கவே சந்திக்காது. சவுண்டெக்ஸ் இருந்திருந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை வெறுங்கையோடுதான் போயிருப்பாள்.

இரண்டாவது பாத்திமா. நம் ஊரில் அதிகமான பெண் பிள்ளைகளின் பெயரில் இது முன்னால் நிற்கும். எஃப்-இல் தொடங்கினால் எஃப் 350. தமிழில் பாத்திமா என்று இருப்பதைப் பார்த்து ஒருவர் பி-யில் தொடங்கினால் பி 350. முதல் எழுத்தை மாற்றக் கூடாது என்பது சவுண்டெக்ஸின் விதி, அதனால் இரண்டும் இரண்டு பிள்ளைகள். விஜயகுமாரை வி-யில் எழுதுகிறவரும் டபிள்யூவில் எழுதுகிறவரும் இந்த நாட்டில் சரிபாதி. கணேசனுக்கு ஜி போடுகிறவரும் கே போடுகிறவரும் உண்டு. ஸைனப் இஸட்டா எஸ்ஸா? கதீஜாவா ஹதீஜாவா? நம் பெயர்களுக்கு ஆபத்து வருவதே முதல் எழுத்தில்தான். சவுண்டெக்ஸ் கண்ணை மூடிக்கொள்வதும் அதே இடத்தில்.

மூன்றாவது இதற்கு நேர்மாறு. மைதீன், மொஹிதீன், முஹியத்தீன் மூன்றும் எம் 350. சந்தோஷம். ஆனால் மதனும் எம் 350! என் வகுப்பில் மைதீனும் மதனும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள், அடிபிடி இல்லாத நாள் கிடையாது. கணினிக்கு இருவரும் ஒரே ஆள். ராஜன், ரஸீன், ரிஷான் மூவரும் ஆர் 250. ஆங்கிலேயப் பெயர்களுக்குத் தைத்த சட்டை நமக்கு ஓரிடத்தில் இறுக்கும், இன்னோரிடத்தில் தொளதொளக்கும்.

தமிழ் எழுத்தையே நேராகக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தால் இந்தக் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாது, அவை ஆங்கில எழுத்துக்குச் செய்தவை. அது போதாதென்று நம்முடைய பழைய பட்டியல்களில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்து. அதில் லட்சுமியை யுனிகோட்டில் தேடினால் கியாமத் நாள் வரைக்கும் கிடைக்காது. யுனிகோட்டிலும் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவோ, கொம்பு வேறு கால் வேறாகவோ. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதையெல்லாம் முதலில் ஒரே சீராக்கிவிட்டுத்தான் தேடலைப் பற்றிப் பேச வேண்டும். இது தம்பிமாருக்குத் தெரிந்த வேலை, அதனால் விட்டுவிடுகிறேன்.

என்னால் சொல்லக்கூடியது ஆசிரியனாக ஒன்று. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். சொல்வதெழுதுதல் கொப்பிகளை எடுத்து, பிழைகளை எண்ணாமல் இனம் பிரிக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்த எழுத்துக்குப் பதில் எந்த எழுத்தைப் போடுகிறது? அன்றைக்கு அலுப்பாக இருந்தது. இப்போது யோசித்தால், எங்களுக்குத் தேவையான அட்டவணை அந்தக் கொப்பிகளிலேயே சிவப்பு மையில் இருக்கிறது. ல, ள, ழ ஒரு கூட்டம். ர, ற ஒரு கூட்டம். ந, ன, ண ஒரு கூட்டம். பிள்ளைகள் குழம்பும் இடத்தில்தான் பதிவாளரும் குழம்புகிறார், கிளாக்கரும் குழம்புகிறார். காது எல்லோருக்கும் ஒன்றுதானே.

அடைப்புக்குறிக்குள் விட்ட வேடிக்கைக்கு இப்போது வருகிறேன். தமிழ் எழுத்தே ஒரு சவுண்டெக்ஸ்தான். பஸ், பேனை, பாத்திமா மூன்றுக்கும் ஒரே 'ப' போட்டு எழுதிவிடுகிறோம். கணேசனுக்கும் கந்தனுக்கும் ஒரே 'க'. நெருங்கிய சத்தங்களை ஒரே எழுத்துக்குள் கூட்டி வைப்பது தமிழின் பழக்கம். சிங்களம் அப்படி இல்லை. அதில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து இருக்கிறது, ஃபாத்திமாவின் ஃப-வுக்குக் கூட. ஆகவே தமிழில் எழுதிய பெயரைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதும் அலுவலர் ஒவ்வொரு எழுத்திலும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவர் கெட்டவர் என்பதால் பெயர் மாறவில்லை. தமிழ் எழுத்து சொல்லாமல் விட்டதை அவர் தன் காதால் நிரப்புகிறார். இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வழி கிடைக்கிறது: சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள பெயரை முதலில் தமிழின் இந்தப் பெரிய கூட்டங்களுக்குள் இறக்கு, பிறகு ஒப்பிடு. பஸ் பி, பேனை பி, எஃப் மூன்றும் ஒரு கூட்டம். கே, ஜி, எச் ஒரு கூட்டம். எஸ், இஸட், ஜே, ச, ஷ ஒரு கூட்டம். வி, டபிள்யூ ஒரு கூட்டம். ட்ச, ச்ச, க்ஷ மூன்றையும் ஒன்றாகவே எண்ணு. முதல் எழுத்துக்கும் இதே விதி, அதற்கு மட்டும் தனிச் சலுகை வேண்டாம். அதோடு பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து, வரிசை பார்க்காமல் ஒப்பிட வேண்டும். நம் பெண் பிள்ளைகள் ஒரு இடத்தில் பாத்திமா ரிஸ்னா, இன்னொரு இடத்தில் வெறும் ரிஸ்னா. தோட்டத்தில் தகப்பன் பெயர் சில சான்றிதழில் முன்னால், சிலவற்றில் பின்னால்.

ஒரு சமூகம் தனக்கென்று அட்டவணை செய்துகொள்வது புதுமையும் இல்லை. 1985இல் டேய்ச், மொகொடொஃப் என்ற இரண்டு அமெரிக்க யூதர்கள் இதே குறையைக் கண்டார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தங்கள் ஆட்களின் பெயர்கள் சவுண்டெக்ஸில் சிதறிப் போகின்றன என்று, தங்கள் சத்தங்களுக்கு ஏற்ற முறையொன்றைச் செய்தார்கள். முதல் எழுத்துக்கும் இலக்கம், இரண்டு விதமாக ஒலிக்கக்கூடிய எழுத்துக்கு இரண்டு குறி. இன்று அது போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே இருக்கிறது. கேரளத்தில் சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கு ஒன்று செய்தார். இந்திய எழுத்துகள் யுனிகோட்டில் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால் மலையாளப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிகிறது. சிங்கள எழுத்து அந்த ஒழுங்கில் இல்லை. ஆகவே அந்தப் பாலத்தை நாம்தான் கட்ட வேண்டும். சிங்களமும் தமிழும் அறபும் ஆங்கிலமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை நாம் செய்யாமல் வேறு யார் செய்வது?

அடையாள அட்டை இலக்கம் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று நிர்வாகத்தில் ஒரு மூத்த நானா கேட்டார். நியாயமான கேள்வி. இலக்கம் இருந்தால் இலக்கம்தான் முதல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை. பழைய சேர்வு இடாப்பில் இலக்கம் இல்லை. மௌத்தானவர்களின் பழைய பதிவில் இல்லை. மழையில் வீடு போனவரின் கையில் அட்டையே இல்லை. 2016 மே மாதம் நம்முடைய இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தபோது ஒரே நாளில் ஊர்களே மண்ணுக்குள் போயின. அப்படியொரு இரவில் முகாம் வாசலில் நிற்கும் மனிதர் தன் பெயரை வாயால்தான் சொல்வார். எழுத்துக்கூட்டிச் சொல்லமாட்டார்.

பெயரை எல்லோரும் சட்டப்படி திருத்திக்கொள்ள வேண்டியதுதானே என்பது இன்னொரு கருத்து. இதில்தான் எனக்குக் கோபம் வரும். திருத்தலாம். அதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும், சமாதான நீதவான் வேண்டும், கிராம சேவகரின் கடிதம் வேண்டும், பிரதேச செயலகத்துக்கு இரண்டு மூன்று தரம் போக வேண்டும். ஒவ்வொரு தரமும் ஒரு நாள் பேர் போகும். பெயரைப் பிழையாக எழுதியவர் மேசைக்குப் பின்னால் இருந்தவர். அதைத் திருத்த அலைவது கொழுந்துக் கூடை சுமப்பவர். முடிந்தவர்கள் செய்யட்டும், நாமும் உதவுவோம். ஆனால் நம்முடைய சொந்தப் பட்டியலுக்குள் வருவதற்கு அதை ஒரு நிபந்தனையாக வைக்கக் கூடாது.

இனி எச்சரிக்கை. சத்தத் தேடல் நல்லது என்பதற்காக அதன் கையில் முடிவைக் கொடுக்கக் கூடாது.

2004இல் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியை விமான நிலையங்களில் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்தார்கள். காரணம், சந்தேகப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் அவருடைய பெயரை ஒத்திருந்தது. கென்னடி குடும்பத்துக்கே அப்படி. 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் புளோரிடாவில் குற்றவாளிகளை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப் போய், பெயர் ஓரளவு ஒத்தாலே போதும் என்று பொருத்தியதில் குற்றமே செய்யாதவர்களும் பட்டியலில் சிக்கினார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பின மக்கள். நமக்கு இதை அமெரிக்காவில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில் ஒருவர் பெயர் இன்னொருவர் பெயரைப் போல இருப்பது எவ்வளவு பெரிய பயம் என்று நம் வீட்டு உம்மாமாருக்குத் தெரியும். பெயரில் முஹம்மத் இல்லாத வீடு நம்மில் எது?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பெயரைத் தட்டினால் ஒத்த சத்தமுள்ள எல்லோரையும் திரை காட்டட்டும், பக்கத்தில் தகப்பன் பெயர், பிறந்த வருடம், தோட்டப் பிரிவு அல்லது வீதி. எது சரியான ஆள் என்று பார்ப்பது மேசையில் இருக்கும் மனிதரின் வேலை, வந்தவரிடம் நேரே கேட்டு. இரண்டு பதிவு ஒத்த சத்தத்தில் இருக்கிறது என்பதற்காகக் கணினி தானாக ஒன்றை அழிக்கவோ ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கவோ கூடாது. மதன் வீட்டு நிவாரணம் மைதீன் வீட்டுக் கணக்கில் விழுந்தால் அந்தச் சண்டையை எந்த மென்பொருளும் தீர்க்காது. அதேபோல ஒருவர் தன் பெயரை எப்படிக் கொடுத்தாரோ அப்படியே சேமியுங்கள். லெச்சமியை லட்சுமி என்று 'திருத்தும்' உரிமை நமக்கில்லை. அவருடைய அட்டையில் இருப்பது லெச்சமி, நாளைக்கு வங்கியில் கேட்கப் போவதும் அதுதான். குறி தனியாக, பின்னால் இருக்கட்டும்.

கடைசியாக, திரையில் வரும் அந்த வாசகத்தை மாற்றச் சொல்லித் தம்பிமாரிடம் கேட்டிருக்கிறேன். "பதிவு இல்லை" என்று வரக் கூடாது. "இந்த எழுத்தில் இல்லை, கடதாசி இடாப்பையும் பாருங்கள்" என்று வர வேண்டும். சிரித்தார்கள். ஆனால் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிக் கூடத்து மண்டபத்தில் இருப்போம். தோட்டத்து உறவுகளுக்கு ஞாயிறு காலை வசதி என்றால் அன்றைக்கும் வருவோம், உங்கள் பக்கத்திலேயே. அதற்கு முன் ஒரு சின்ன உதவி: உங்கள் வீட்டில் ஒரே ஆளின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த எழுத்து விதங்களை மட்டும் கீழே எழுதுங்கள். எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறுகிறது என்று பார்த்து அட்டவணையை அதிலிருந்துதான் செய்யப் போகிறோம். முழுப் பெயரோ அடையாள அட்டை இலக்கமோ பிறந்த திகதியோ தயவு செய்து இங்கே போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன், கோபிக்க வேண்டாம்.